நுரையீரலுக்குள் ஒரு கொரில்லா

நுரையீரல் சிடி ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டி தேடுவது கண்ணை வாங்கும் வேலை. நூற்றுக்கணக்கான அடுக்குப் படங்களைத் திரையில் மேலும் கீழும் ஓட்டி, ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் டிராஃப்டன் ட்ரூவும் சகாக்களும் இதில் கைதேர்ந்த 24 கதிரியக்க மருத்துவர்களிடம் சில ஸ்கேன்களைக் கொடுத்தார்கள். கடைசி ஸ்கேனில் மட்டும் ஒரு விஷமம்: கொரில்லா படம் ஒன்றைச் செருகிவைத்தார்கள். சராசரிக் கட்டியைப்போல 48 மடங்கு பெரியது. 20 பேருக்கு அது தெரியவே இல்லை. 2013இல் வெளியான ஆய்வு இது.

அசட்டை என்று தள்ளிவிட முடியாது. விழியசைவைப் பதியும் கருவியையும் வைத்திருந்தார்கள். தவறவிட்ட 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லாவின் மேலேயே நேராக விழுந்திருந்தது! விழித்திரைவரை பிம்பம் போய்விட்டது. அதற்கு மேல் மூளை அதைச் சட்டைசெய்யவில்லை.

கண் அனுப்புவதையெல்லாம் அலசிக்கொண்டிருக்க மூளைக்கு வசதி கிடையாது. அந்த நேரத்தில் எதைத் தேடுகிறோமோ, அதன் சாயல் உள்ளதைத்தான் முதலில் உள்ளே விடுகிறது. 1999இல் உளவியலாளர்கள் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் நடத்திய பிரபலமான சோதனையில் இது பளிச்சென்று தெரியும். இரண்டு அணிகள் பந்து எறிந்து விளையாடும் வீடியோவைப் பார்த்து, ஓர் அணி எத்தனை முறை பந்து எறிகிறது என்று எண்ண வேண்டும். நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்து போவார். வெள்ளைச் சட்டை அணியின் எறிதல்களை எண்ணியவர்களைவிட, கறுப்புச் சட்டை அணியைக் கவனித்தவர்களே கொரில்லாவை அதிகம் கண்டார்கள். கொரில்லாவும் கறுப்பு.

மனம் வேறொன்றில் மூழ்குவதற்குத் தேடல்தான் வேண்டும் என்றில்லை, பேச்சே போதும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர், சிமுலேட்டரில் காரோட்டியபடி போனில் பேசியவர்களிடம் வழியில் இருந்த விளம்பரப் பலகைகளைப் பற்றி விசாரித்தார்கள். கண் நேராக நிலைத்த பலகைகளைக்கூட அவர்களால் சரியாக அடையாளம் காட்ட முடியவில்லை. இத்தனைக்கும் போன் கையில் இல்லை, கை இரண்டும் ஸ்டியரிங்கில்தான். இந்திய மோட்டார் வாகனச் சட்டமோ போனைக் கையில் பிடிப்பதைத்தான் குறிப்பிடுகிறது. ப்ளூடூத்காரர்களுக்கு அது ஏதோ அனுமதிச்சீட்டு மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரரோடு பேசினால் இந்தக் கோளாறு பெரிதாகத் தலைகாட்டவில்லை என்பதையும் இதே குழு கண்டது. அவர் கண்ணும் சாலையில்தான் இருக்கிறது. நெரிசல் வந்தால் பேச்சைக் குறைப்பார், அல்லது ‘லாரி வருது பாருங்க’ என்பார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. பதில் வரவில்லையே என்று ‘ஹலோ, ஹலோ’ என்பார்.