'பை அண்ட் லார்ஜ்': இந்த 'லார்ஜ்' பெரியது அல்ல

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'விவசாயிகள் பெரிய அளவில் திருப்தியாக இருக்கிறார்கள்' என்று ஒரு வரி. அப்படி என்ன கொட்டிக் கொடுத்தார்கள் என்று ஆங்கில மூலத்தைப் புரட்டினால், அங்கே இருந்தது 'பை அண்ட் லார்ஜ்' (by and large), அதாவது 'பொதுவாகப் பார்த்தால்'. லார்ஜ் என்றதும் கை தானாகப் 'பெரிய' என்று எழுதிவிட்டது, பாவம்.

இந்த லார்ஜுக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. இது பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சு. காற்று வரும் திசையை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி, பாய் தொய்யாமல் கப்பலைச் செலுத்துவது 'பை'. சுக்கான் பிடிப்பவர் சற்று அசந்தாலும் பாய் படபடக்கும், வேகம் போய்விடும். பின்னாலிருந்து வீசும் காற்றில் தாராளமாக ஓடுவது 'லார்ஜ்'. அதில் அவ்வளவு பாடு இல்லை. இரண்டுக்கும் ஈடுகொடுப்பதுதான் நல்ல கப்பல். 1669இல் வெளிவந்த சாமுவேல் ஸ்டர்மியின் மாலுமிக் கையேட்டிலேயே இரண்டும் ஜோடியாக வருகின்றன. காற்று எப்படி அடித்தாலும் சரி என்பது அதன் பொருள். கரையேறியதும் அது 'எல்லா விதத்திலும் பார்த்தால்' என்றாகி, இன்று 'சிலதை விட்டுவிட்டுப் பார்த்தால்' என்ற இடத்தில் வந்து நிற்கிறது. எதையும் விடாத சொல், விலக்குக்கு இடம்கொடுக்கும் சொல்லாகிவிட்டது!

தமிழில் இதற்கு நேராகப் 'பெரும்பாலும்' இருக்கிறது. பால் என்றால் பகுதி; பெரும்பால் என்றால் பெரும்பகுதி. பழைய இலக்கண உரைகளில் பெரும்பான்மை இப்படி வரும், சிறுபான்மை அப்படி வரும் என்பார்களே, அதே குடும்பம்தான்.

ஆனால் ஒரு சிக்கல். 'கல்யாணத்துக்குப் பெரும்பாலும் வந்துவிடுவேன்' என்றால் அது அநேகமாக; வராமலும் போகலாம். ஆங்கிலத் தொடருக்கு இந்தப் பொருள் கிடையாது. அதனால் இடம் பார்த்துப் 'பொதுவாக', 'மொத்தத்தில்' என்று மாற்றிக்கொள்வது என் வழக்கம். ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்வதானால் 'பெரும்பாலோர்'.

சரி, அந்த விவசாயிகள்? அடுத்த வரியைப் படித்தேன். விதை, உரம் எதிலும் குறையில்லை, கொள்முதல் விலையில்தான் மனத்தாங்கல். அப்படியானால் பேச்சு ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றி அல்ல. 'விவசாயிகளுக்கு மொத்தத்தில் திருப்திதான்' என்று திருத்திவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.