விண்கல்லை எரிகல் என்னாதீர்கள்

கடலூர், புதுவைக் கடற்கரைப் பக்கம் இரவில் ஒரு தீப்பந்து வானத்தில் ஓடி மறைந்தாலோ, பகலில் ஜன்னல் அதிர ஒரு வெடிச்சத்தம் கேட்டாலோ போதும், அரைமணி நேரத்தில் எல்லார் கைப்பேசியிலும் ஒரே வாசகம் வந்து நிற்கும்: "எரிகல் விழுந்ததா? பொதுமக்கள் அச்சம்." இந்த "எரிகல்" என்ற சொல் சரியில்லை. சொல் அழகாக இல்லை என்பதல்ல குறை. விழுந்த கல்லைக் கெடுக்கிற சொல் அது. எப்படிக் கெடுக்கிறது என்று சொல்லத்தான் இந்த விளக்கம்.

முதலில் மூலச்சொல். "மீட்டியோரான்" என்ற கிரேக்கச் சொல்லுக்கு உயரத்தில் இருப்பது, வானில் நிகழ்வது என்று பொருள். மழை, மின்னல், வானவில் எல்லாமே அதில் அடக்கம். வானிலை இயலுக்கு மேலைநாட்டார் "மீட்டியராலஜி" என்று பெயர் வைத்ததும் அந்த வேரிலிருந்துதான். பிறகு பொருள் சுருங்கி, வானில் ஓடும் ஒளிக்கீற்றுக்கு "மீட்டியர்" என்றும், தரைக்கு வந்து சேர்ந்த கல்லுக்கு "மீட்டியோரைட்" என்றும், வரும் முன் விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த துண்டுக்கு "மீட்டியராய்டு" என்றும் பிரித்தார்கள். 2017-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் வகுத்த வரையறைப்படி மீட்டியராய்டு என்பது ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. அதற்கு மேலே போனால் "ஆஸ்டராய்டு", தமிழில் சிறுகோள்.

தமிழில் இந்த நிகழ்வுக்குப் பழஞ்சொல் இல்லாமல் போகவில்லை. "ஒருமீன் வீழ்ந்தன்றால் விசும்பினானே" என்று புறநானூற்று 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் பாடுகிறார். அங்கே விழுவது மீன், அதாவது ஒளி. அதே தொகையின் 41-ஆம் பாட்டில் "திசை இருநான்கும் உற்கம் உற்கவும்" என்று வருகிறது. உற்கம் வடமொழி உல்காவோடு உறவுள்ள சொல். அதுவும் ஒளிக்கீற்றைத்தான் குறிக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த ஒளிக்குப் பெயர் வைத்தவர்கள் அதைக் கல் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே ஒளிக்கு எரிமீன் என்பது நம் மரபோடு ஒட்டி வருகிறது. எரிநட்சத்திரம் என்று ஊரில் சொல்வதிலும் பிழையில்லை. கையில் எடுக்கக் கிடைக்கிற பொருளுக்கு விண்கல். விண்ணிலிருந்து வந்த கல், அவ்வளவுதான். இது நேராகப் பொருள் தருகிறது, பொய்யான எதையும் சொல்லவில்லை.

எரிகல்லுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லும் முதல் நியாயம் இலக்கணம். எரிகல் வினைத்தொகை; எரிந்த கல், எரிகின்ற கல், எரியும் கல் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும்; வானத்தில் எரிந்துவிட்டுத்தானே வந்தது, "எரிந்த கல்" என்று எடுத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். இலக்கணம் சரி, பொருள்தான் தவறு. அந்தக் கல் எந்தக் காலத்திலும் எரியவில்லை. நொடிக்குக் குறைந்தது 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. முன்னால் நெரிபடும் காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறி ஒளிர்கிறது. கல்லின் மேற்பரப்பு உருகுகிறது, உருகியது உடனுக்குடன் காற்றோடு வழிந்து போகிறது. சூடு உள்ளே இறங்க நேரமே கிடைப்பதில்லை; கல்லும் சூட்டை எளிதில் கடத்தாது. சில நொடிகளில் வேகம் தேய்ந்து, பெரும்பாலும் 15, 20 கிலோமீட்டர் உயரத்திலேயே ஒளி அணைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பல நிமிடம் உறைகுளிர்க் காற்றின் வழியே சாதாரணக் கல்லாகத்தான் விழுகிறது. தரைக்கு வரும்போது வெதுவெதுப்பாக இருக்கலாம், சில்லென்றும் இருக்கலாம். வைக்கோல் போரின் மேல் விழுந்தாலும் தீப்பிடிக்காது.

இரண்டாவது நியாயம் எரிமலை. மலை எரியவா செய்கிறது, அதை ஏற்றுக்கொண்ட நாக்குக்கு எரிகல் மட்டும் ஏன் கசக்கிறது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. எரிமலை என்ற பெயர் கேட்டவனைச் சரியாக எச்சரிக்கிறது. கிட்டே போனால் வெந்துபோவான். எரிகல் என்ற பெயர் தவறாக எச்சரிக்கிறது. அதைக் கேட்டவர் கல்லைத் தொட பயப்படுகிறார், ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஊற்றுகிறார், தீயணைப்பு வண்டியை அழைக்கிறார். அந்தத் தண்ணீர்தான் கல்லுக்கு முதல் கேடு. உள்ளே இருக்கும் இரும்பு-நிக்கல் துணுக்குகள் துருவேறத் தொடங்கிவிடும். உப்புக்காற்று அடிக்கிற தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கிணற்று நீரும் உப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே போனால் பிற்பாடு உலர்த்தி வைத்தாலும் துரு நிற்காமல் தின்றுகொண்டே போகும்.

பெயர் செய்கிற கேடு அதோடு நிற்பதில்லை. 2016 பிப்ரவரி 6-ல் நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஒருவர் இறந்தார். விண்ணிலிருந்து விழுந்த கல்தான் காரணம் என்று அரசுத் தரப்பிலேயே முதலில் அறிவித்தார்கள். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பைப் போல் இருக்கிறது என்றார்கள். குழியும் வெடிப்பும் இருந்தால் அது "எரிகல்" என்று பலரும் உடனே நம்பினார்கள், ஏனென்றால் அந்தச் சொல் மனசில் வரைந்து வைத்த படம் அப்படி. உண்மையில் சிறு விண்கல் விழுந்த இடத்தில் கருகல் இருக்காது, வெடிப்பு இருக்காது. கல்லைவிடச் சற்றே அகலமான ஒரு பள்ளம் இருக்கும். கருகல் தெரிந்தால் விண்கல் அல்ல என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

பள்ளிப் பாடங்களில் விண்வீழ்கல் என்றும் புழங்குகிறது. பொருளில் குறையில்லாத சொல், அதை எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதைத் தரையில் கிடைத்த கல்லுக்குக் கொடுத்துவிட்டு, விண்கல்லை வானத்து ஒளிக்கீற்றுக்கு ஒதுக்குகிறார்கள் பாருங்கள், அதுதான் ஒவ்வாதது. ஒளிக்கீற்று கல்லே அல்ல. மணல் பருக்கை அளவுத் தூசு ஆவியாகிப் போவதையும் விண்கல் என்றால், பையன் மொட்டை மாடியில் பார்த்த ஒவ்வொரு கீற்றுக்கும் கல்லைத் தேடி அலைவான்.

இதைவிட மோசம், சிறுகோளை விண்கல் என்று எழுதுவது. அபோபிஸ் 2029 ஏப்ரல் 13-ல் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகப் போகிறது. அதன் குறுக்களவு சுமார் 340 மீட்டர். அது சிறுகோள். அதையும் விண்கல் என்று தலைப்பிட்டு, 2008 செப்டம்பர் 12-ல் சூளகிரியில் விழுந்த கல்லையும் விண்கல் என்று எழுதினால், படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறார். நிலத்தில் ஒரு கைப்பிடிக் கல் கிடைத்த விவசாயி "உலகம் அழியுமாமே" என்று பதறுவது இதனால்தான். மொழிபெயர்க்கிறவர் மூலத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்தால் இது நேராது.

இனி கல்லை எடுப்பது. விழக்கண்ட இடத்திலேயே, தொடுவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும். அளவு தெரிய பக்கத்தில் ஒரு அளவுகோல் வைக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம், அகலம், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, விழுந்த நேரம் நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். வியர்வையும் உப்புதான், அதனால் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. புதுக் கையுறை இல்லாவிட்டால் பிரிக்காத அலுமினியத் தாளை விரித்து அதாலேயே பொதிந்து எடுக்கலாம். பிறகு சுத்தமான பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கல்லில் படாமல் கூட வைக்க வேண்டும். கழுவக் கூடாது, சந்தனம் குங்குமம் பூசக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று சுத்தியலால் உடைக்கக் கூடாது. நெல் வயல் சேற்றில் விழுந்திருந்தால் சேற்றோடு அப்படியே எடுத்து நிழலில் காயவிட வேண்டும்.

காந்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்" என்ற அறிவுரை தமிழில் வரும் கட்டுரைகளில் தவறாமல் இருக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கல்லில் வைத்தால், சூரிய மண்டலம் உருவான காலத்திலிருந்து அது சுமந்து வந்திருக்கக்கூடிய காந்தப் பதிவு அந்த நொடியில் அழிந்துபோகும். திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் முள் அசைகிறதா என்று பார்த்தாலே போதும்.

நம் கடலூர் மாவட்டத்தில் விண்கல் என்று கொண்டுவரப்படும் கற்களில் ஏமாற்றுபவை மூன்று. கடலூர் மணற்பாறையோடு கிடைக்கும் செம்புறாங்கல் உருண்டைகள் முதலாவது; வழுவழுவென்று, கனமாக இருக்கும். மெருகில்லாத டைல்ஸின் பின்பக்கம் தேய்த்தால் செந்நிறக் கோடு விழும். புது விண்கல் அப்படிக் கோடு போடாது. அடுத்தது பழைய உலைகளின் இரும்புச் சிட்டம், மூன்றாவது நெய்வேலிப் பக்கம் கிடைக்கும் எரிந்த நிலக்கரிக் கட்டி. இந்த இரண்டிலும் குமிழ்த் துளைகள் தெரியும். விண்கல்லில் குமிழ்த் துளை அநேகமாக இருக்காது. புதிதாக விழுந்ததென்றால் மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புத் தோல் இருக்கும். சில்லு பெயர்ந்த இடத்தில் வெளிர் சாம்பல் நிறமும், வெயிலில் மின்னும் உலோகப் பொட்டுகளும் தெரியும்.

அந்தக் கறுப்புத் தோலுக்கு "இணைவு மேலோடு" என்று ஒரு மொழிபெயர்ப்பு புழக்கத்தில் இருக்கிறது. மூலச்சொல்லான "ஃப்யூஷன்" இங்கே உருகுதல் என்ற பொருளில் வருகிறது. அணுக்கரு இணைவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. உருகுதோல் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். இதே கதைதான் விழக்கண்ட கல்லுக்கும் தற்செயலாகக் கண்டெடுத்த கல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. ஆய்வில் இவை இரு தனி வகைகள். முதலாவதை "வீழ்ச்சி" என்று எழுதுகிறார்கள். படித்தால் ஏதோ அரசு கவிழ்ந்தது போல் இருக்கிறது. விழக்கண்டவை, கண்டெடுத்தவை என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தகவல் தெரிவிக்க வேண்டிய இடத்திலும் சொல் குழப்புகிறது. நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பாளர் ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா என்ற மத்திய அரசு அமைப்பு. அதைப் "புவியியல் துறை" என்று எழுதினால், புவியியல் என்றால் பள்ளியில் படித்த ஜியாக்ரபி என்றே நம்மவர் எடுத்துக்கொள்வார். நிலவியல் என்று எழுத வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அங்கிருந்து போய்ச் சேரும், ஆனால் தாமதம் கூடாது. விண்வெளிக் கதிர்களால் கல்லுக்குள் உண்டான குறுகிய ஆயுள் ஐசோடோப்புகளை, அதாவது தாமே சிதைந்து குறைகிற அணுவகைகளை, அளந்துதான் அது அண்மையில் விழுந்தது என்று உறுதி செய்கிறார்கள். வனேடியம்-48 சுமார் 16 நாளில் பாதியாகிவிடும். ஸ்காண்டியம்-46-க்கு 84 நாள், மாங்கனீசு-54-க்கு 312 நாள், சோடியம்-22-க்கு 2.6 ஆண்டு. ஒரு மாதம் பூஜை அறையில் இருந்த கல்லில் முதலாவதில் கால்பங்குதான் மிஞ்சியிருக்கும்.

வகைப்படுத்தலுக்குக் கல்லில் சிறு துண்டை அறுத்து 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். விழக்கண்டவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சாதாரண காண்ட்ரைட்டுகள் என்ற கல்வகை. காண்ட்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் பருக்கை. சீவலில் மில்லிமீட்டர் அளவு உருண்டைகள் தெரியும், நொய்யரிசி அளவுதான். ஆலிவின் கனிமத்தில் இரும்பின் பங்கை மின்னணு நுண்துழாவியால் அளந்தால் எச், எல், எல்எல் என்ற மூன்று குழுக்களில் எது என்று தெரியும். எச் குழுவுக்கு 16 முதல் 20 சதவீதம், எல்லுக்கு 22 முதல் 26, எல்எல்லுக்கு 27 முதல் 32. பூமிக்கு வருமுன், தாய்ச் சிறுகோளுக்குள் இருந்தபோது எவ்வளவு வெந்து மாறியது என்பதற்கு 3 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். 3 என்றால் உருண்டைகள் கூர்மையாகத் தெரியும், 6 என்றால் கரைந்து மங்கியிருக்கும். சூளகிரிக் கல் எல்எல்6. மோதலில் பட்ட அதிர்ச்சியும் துருவின் அளவும் தனித்தனிக் குறியீடுகள். இந்த எழுத்துகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடுவது வீண் வேலை. அவை பட்டியல் குறிகள், அப்படியே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தபின் விண்கல் ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கமான மீட்டியரிட்டிக்கல் சொசைட்டியின் பெயரிடும் குழுவுக்கு விண்ணப்பம் போகும். மாதிரியாக 20 கிராம், அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அதை அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் வைக்க வேண்டும். பெயர் பக்கத்து ஊரின் பெயராகத்தான் இருக்கும். கடலூர் தலைநகராக இருந்த பழைய தென்னார்க்காட்டில் 1886 ஜனவரி 27-ல் விழுந்த சுமார் நாலரை கிலோ எச்5 கல், நம்மியந்தல் என்ற பெயரில் இன்றும் உலகப் பட்டியலில் இருக்கிறது. 1890-ல் தமிழ்நாட்டில் விழுந்த காகங்கரிக் கல்லின் ஆங்கில முதலெழுத்தால் ஒரு தனி வகையே "கே" என்று பெயர் பெற்றது. இந்த ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து மீண்டும் தமிழில் எழுதுகிறவர்கள் "நம்மியாந்தால்" என்று சிதைக்கிறார்கள். ஊராரிடமோ வருவாய்த்துறைக் கணக்கிலோ சரியான பெயரைக் கேட்டு எழுத வேண்டும். அடுத்து நம் பக்கம் ஒன்று விழுந்தால், விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்திலும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.