மார்ஃப்: சொல் விளக்கம்

பாம்பு வளர்ப்புக் காணொளிகளில் வாய்க்கு வாய் அடிபடும் சொல் ‘மார்ஃப்’. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. காணொளி பார்க்கத் தடையில்லையே, சொல் நம் இளையர்களிடமும் வந்துவிட்டது. உயிரியலை ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். தமிழில் சொல்லத்தான் வார்த்தை கிடைப்பதில்லை.

வேர் கிரேக்கம். ‘மார்ஃபே’ என்றால் வடிவம். ஒரே இனத்துக்குள் நிறத்தாலோ கோலத்தாலோ தனித்துத் தெரியும் வடிவத்தை விலங்கியலார் அப்படி அழைத்தார்கள். வளர்ப்போர் வழக்கில், மரபுவழி இறங்கும் நிறமும் கோலமும் மார்ஃப். இனம் மாறுவதில்லை. ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு எந்த நிறத்தில் பொரித்தாலும் பந்து மலைப்பாம்புதான்.

இதை ‘உருமாற்றம்’ என்று எழுதக்கூடாது. புழு பட்டாம்பூச்சி ஆவதற்கு அச்சொல் போய்விட்டது. ‘நிறவகை’ பாதிதான் சரி, கோலம் விடுபடுகிறது. பாடநூல்களின் ‘புறத்தோற்றம்’ என்ற சொல்லோடு ஒட்டி நிற்பதால் ‘தோற்றவகை’ என்பதே என் தேர்வு.

உட்பெயர்களில்தான் சுவை. ‘ஆல்பினோ’ போர்த்துகீசியத்தில் பிறந்தது, அதன் மூலம் வெண்மை என்னும் லத்தீன் சொல். ஆனால் ஆல்பினோ பந்து மலைப்பாம்பு முழு வெள்ளை அல்ல. வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள். கருநிறமி மட்டுமே அதற்கு இல்லை. மஞ்சளைத் தருபவை வேறு உயிரணுக்கள், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ‘கருமையிலி’ என்பது மூலச்சொல்லைவிடப் பொருத்தம்.

வெள்ளைத் திட்டுகள் விழுந்த ‘பைபால்ட்’ வகைக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். மயிலை, செவலை, காரி என்று மாட்டுக்கு நிறப்பெயர் வைத்த நம்மவர்கள் திட்டு விழுந்ததை ‘மறை’ என்றார்கள். பாம்புக்கும் அதையே கொடுக்கலாம். பந்து மலைப்பாம்பில் இந்த மறைக்குக் காரணமான மரபணுவை ஆய்வாளர்கள் 2023இல் அடையாளம் கண்டார்கள்.

அதிகம் குழப்புவது ‘ஹெட்’, ‘ஹெட்டரோசைகஸ்’ என்பதன் சுருக்கம். கருமையின்மை ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பாம்பு இயல்பான நிறத்தில் இருந்துகொண்டு மரபணுவை மறைவாகச் சுமக்கும், அதுவே ஹெட். இரண்டு ஹெட் இணைந்தால் ஒவ்வொரு குட்டியும் கருமையிலியாகும் வாய்ப்பு 4இல் 1. இயல்பு நிறத்தில் பிறந்த குட்டி ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 3இல் 2. விற்பவர்கள் ‘66 விழுக்காடு ஹெட்’ என்று போடுவது இந்த வாய்ப்பைத்தான். பாம்பின் உடம்பில் 66 விழுக்காடு ஏதோ கலந்திருப்பதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு!

‘கோடாமினன்ட்’ என்பதையும் வளர்ப்போர் தளர்வாகவே ஆள்கிறார்கள். ‘பேஸ்டல்’ என்னும் தோற்றவகையின் மரபணு ஒரு பிரதி இருந்தால் ஒரு தோற்றம், இரண்டு இருந்தால் இன்னும் வெளிறிய ‘சூப்பர் பேஸ்டல்’. கோடாமினன்ட் என்றால் இணை ஓங்குதன்மை, இரண்டு பண்புகளும் முழுதாகச் சேர்ந்தே தெரிவது. இது அதுவல்ல, ஒரு பிரதி இடைப்பட்ட தோற்றம் தரும் முழுமையற்ற ஓங்குதன்மை.

‘ஸ்பைடர்’ சிலந்திவலை போன்ற மெல்லிய கோடுகளால் பெற்ற பெயர். அந்தக் கோலத்தோடு உட்செவிக் குறைபாடும் சேர்ந்தே வருகிறது; தலை ஆடும், பாம்பு நிலை தடுமாறும். ஆங்கிலத்தில் ‘வாபிள்’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். தமிழில் அதை ‘தலைநடுக்கக் குறைபாடு’ என்றே எழுத வேண்டும்.