வளவில் ஒரு சத்தம், ஹாலில் ஒரு சத்தம்: பேஸ் கிட்டாரின் கணக்கு

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் கல்யாணம் நடந்து, மெல்லிசைக் குழுவும் பாடினால், மிக்ஸரில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் ஆச்சி, "தம்பி, நெஞ்சு அதிருது, கொறைப்பா" என்பார். நாலு நாற்காலி தள்ளி இருக்கும் இளவட்டம், "அண்ணே, பேஸே கேக்கலையே" என்பான். அடியில் உறுமும் பேஸ் கிட்டாரைப் பற்றி இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) அழுத்தி மீட்டினால் எஃப் நோட், அதாவது எஃப் என்ற ஸ்வரம். விநாடிக்குச் சுமார் 43.6 அதிர்வு, அதாவது 43.6 ஹெர்ட்ஸ். 28 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 348 மீட்டர் போகும். வகுத்தால் அலைநீளம் 8 மீட்டர். ஹாலின் அகலமும் 8 மீட்டராக அமைந்துவிட்டால், போகிற அலையும் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் சேர்ந்து, சில இடத்தில் ஓங்கியும் சில இடத்தில் ஓய்ந்தும் அப்படியே நிற்கும் நிலை அலையாகிவிடும். சுவரோரத்திலும் நட்டநடுவிலும் எஃப் முழங்கும். சுவரிலிருந்து 2 மீட்டரில் ஏறக்குறைய காணாமல் போகும். 49 ஹெர்ட்ஸில் இருக்கும் ஜி நோட்டுக்கு இந்த அகலம் அவ்வளவாகப் பொருந்தாது. மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை ஏற்றினால் எல்லா நோட்டும் சேர்ந்துதான் ஏறும், ஆச்சிக்கு இன்னும் அதிரும்.

மெல்லிய பிளைவுட் தடுப்பாக இருந்தால் தானும் அதிர்ந்து கீழ்ஒலியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அசைந்து கொடுப்பதில்லை. கூட்டம் சேர்ந்தால், பட்டுப்புடவையும் உடம்பும் உச்ச ஒலிகளை உறிஞ்சும், பேஸை அதிகம் தொடாது. அதனால் காலி ஹாலில் செய்த சவுண்ட் செக் முகூர்த்த நேரத்தில் கைவிட்டுவிடும். வீட்டின் நடுமுற்றமான வளவில் நிலைமை வேறு. மேலே திறந்த வானம்; ஏறிப்போன ஒலி திரும்புவதில்லை, ஃபேடர் அதே அளவில் இருந்தாலும் பேஸ் மெலிந்து கேட்கும்.

நான் சொல்வேன், ஃபேடரைத் தொடுமுன் ஹாலைச் சுற்றி நடக்க வேண்டும். பேஸ் வாசிப்பவர் ஒவ்வொரு நோட்டாக நிதானமாக மீட்டட்டும். எந்த நோட் முழங்குகிறதோ அந்த அதிர்வெண்ணை மட்டும் ஈக்யூவில் (ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) குறுகலாக வெட்டினால், மொத்த பேஸையும் தாராளமாக ஏற்றலாம். கீழ்ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை மூலையில் வைக்காதீர்கள்; இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பெருக்கிவிடும். பாடகர் மைக்குகளுக்கு 100 ஹெர்ட்ஸ் வாக்கில் லோ-கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வசதி) போட்டால் அடியில் இருக்கும் குழப்பமும் தெளியும்.

இன்னொன்று காதின் இயல்பு. குறைந்த சத்தத்தில் நம் காது கீழ்ஒலிக்கு மந்தம் என்று 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பந்தி நேரத்தில் மொத்தச் சத்தத்தையும் குறைத்தால் முதலில் மறைவது பேஸ்தான். அப்போது 40 ஹெர்ட்ஸைத் தூக்குவதைவிட, எஃப் நோட்டோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் மடங்குகளான 87, 131, 175 ஹெர்ட்ஸ் மேல்ஒலிகளின் பகுதியைச் சற்றே தூக்குங்கள். அடியொலி அடங்கியிருந்தாலும் இந்த மேல்ஒலிகளை வைத்தே மூளை எஃப்பைக் கண்டுபிடித்துவிடும்.