அமெரிக்க லேபில் ஃப்ரீசர் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்

தஞ்சாவூர்த் தம்பி ஒருவன் அமெரிக்காவில் பிளேக் கிருமி ஆய்வுக்குப் போஸ்ட்டாக்காக (பிஎச்.டி. முடித்த பின் சேரும் ஆய்வாளராக) சேர்ந்தான். ஒப்பந்தம் ஓராண்டு. அதில் பாதி, லேப் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேப்பர் படித்ததிலேயே போயிற்று. கிருமியைத் தொட அனுமதி வரவில்லை. வரத் தாமதமாகும் என்று யாரும் வாய் திறக்கவும் இல்லை.

காரணம் ஒரு சட்டம். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளைக் கடிதங்களில் வைத்து அனுப்பிய பிறகு, 2002இல் வந்தது. ஆந்த்ராக்ஸ், பிளேக், எபோலா போன்ற பட்டியலிட்ட கிருமிகள் ‘செலக்ட் ஏஜென்ட்’. அவற்றைத் தொடுபவர் ஒவ்வொருவரையும் எஃப்.பி.ஐ. சரிபார்க்கும். பின்னணி இவ்வளவு போதும்.

நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. நிறுவனத்தில் இந்தக் கிருமிகளுக்குப் பொறுப்பான அதிகாரி முதலில் தன் பதிவில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். அப்புறம் உங்களுக்கு ஓர் எண் வரும். அதைப் போட்டு எஃப்.டி.-961 படிவமும் இரண்டு கைரேகை அட்டைகளும் எஃப்.பி.ஐ.க்கு அனுப்ப வேண்டும். அவர் மறந்தால் உங்கள் கோப்பு பிறக்கவே இல்லை. “பெயர் என்றைக்குச் சேர்ந்தது, எண் என்ன?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். “பார்த்துக்கறோம்” என்ற பதிலை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நம்மவர்கள் மாட்டுவது பெயரில். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர், விசாவில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை), நிறுவனப் பதிவில் வேறொன்று. காகிதத்துக்கு நீங்கள் மூன்று ஆள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் போகட்டும். கைரேகை மங்கலாக இருந்தாலும் அட்டை திரும்பிவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காய்ந்த விரல்களோடு போகாதீர்கள்.

இன்னொரு பொறி கஞ்சா. சில மாநிலங்களில் கடையிலேயே விற்கிறார்கள், சரி. அமெரிக்க மத்திய அரசின் சட்டம் அதை ஏற்கவில்லை. புகைப்பவருக்கு அனுமதி கிடையாது.

அனுமதி வருமுன் பேராசிரியர் “சும்மா அந்த டியூபை எடுத்து வா” என்றால் மறுத்துவிடுங்கள். டியூபைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. எடுக்கும் வாய்ப்பு இருந்தாலே தொட்ட கணக்குதான். பூட்டாத ஃப்ரீசர் பக்கத்தில் தனியாக நிற்காதீர்கள். அடுத்தவர் சாவி, கார்டு எதையும் கடன் வாங்காதீர்கள்.

ஒப்புதல் அதிகபட்சம் 3 ஆண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறினால், அங்கே பெயர் சேர்ந்து ஒப்புதல் வரும்வரை கை கட்டித்தான் நிற்க வேண்டும். ஒப்புதல் தர மறுத்தால் 180 நாளுக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல், வீரியம் குறைத்த வகையைக் கேளுங்கள். பி.ஜி.எம். என்ற மரபணுப் பகுதி நீங்கிய பிளேக், ஸ்டெர்ன் வகை ஆந்த்ராக்ஸ் இரண்டும் பட்டியலுக்கு வெளியே. பல்கலைக்கழக உயிர்ப்பாதுகாப்புக் குழு ஒப்புக்கொண்டால் போதும். தம்பிக்கு இது ஆறாவது மாதம்தான் தெரிந்தது, அதுவும் பக்கத்து லேப் டெக்னீஷியன் சொல்லி.