படத்தில் கட்டி என்றால் கேன்சர்தானா?

மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து மதுரைக்கு நுரையீரல் ஸ்கேன் கவரோடு வருகிற குடும்பங்கள், உள்ளே நுழையும்போதே பாதி உடைந்துபோய் இருப்பார்கள். "கேன்சர்னு போட்டிருக்கு சார், அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்று மகன் மட்டும் தனியாக வந்து சொல்வார். ரிப்போர்ட்டைப் பிரித்தால், 'புற்றுநோயாக இருக்கலாம், திசுப் பரிசோதனை செய்து பார்க்கவும்' என்று இருக்கும். அந்தப் பின்பாதியை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

சி.டி. ஸ்கேன் கட்டியின் அளவு, இடம், ஓரம் இவற்றைத்தான் காட்டும். முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் கேன்சரில் வரும், காசநோயிலும் வரும். பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிர்கிறதே என்பார்கள். உடம்பில் ஏற்றிய சர்க்கரை மருந்தை எந்த இடம் அதிகம் இழுக்கிறது என்று பார்க்கிற படம் அது. கேன்சர் செல் இழுக்கும். கிருமியோடு சண்டை போடும் நம் வெள்ளையணுக்களும் அதே வேகத்தில் இழுக்கும்.

கேன்சர் இல்லையென்றால் வேறென்ன? நம் ஊரில் முதல் சந்தேகம் டி.பி.தான். அப்புறம் பூஞ்சைத் தொற்று, அதிலும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும். 1842-ல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் கண்டு எழுதிய, பாதம் வீங்கிப் புண்ணாகிற 'மதுராக் கால்' நோய்க்குக் காரணமான கிருமிகளில் ஒன்று நொகார்டியா. அது நுரையீரலுக்குள்ளும் கட்டிபோல உட்காரும். வயல் சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி இன்னொன்று. சர்க்கரை உள்ள விவசாயிக்கு மழைக்காலத்தில் இது வந்தால் டி.பி. மாத்திரை கேட்காது. நரம்பு வழியாக வேறு மருந்து ஏற்ற வேண்டும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. அதனால் வயலில் இறங்கி வேலை பார்க்கிறவரா என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்: பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுக்கும்போது திசு இரண்டு பாட்டிலில் போக வேண்டும். ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) பாட்டில் கேன்சர் செல் பார்க்க. அதில் போட்டதும் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராது. எனவே ஒரு துண்டு சாதாரண சலைனில் (உப்புநீரில்), டி.பி., பூஞ்சை, பாக்டீரியா மூன்றுக்கும் போக வேண்டும். "சலைன்லயும் ஒரு துண்டு அனுப்புறீங்களா சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இந்த ஒரு துண்டு விட்டுப்போனால் மறுபடியும் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டிவரும்.

தொற்றைக் கேன்சர் என்று நினைப்பதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. சளியில் கிருமி இல்லை, படத்தில் நிழல் இருக்கிறது, சரி டி.பி.யாகத்தான் இருக்கும் என்று மாத்திரை தொடங்கி, எடை குறைந்துகொண்டே போக, மாதங்கள் ஓடிவிடும். உள்ளே இருந்தது கேன்சராக இருந்தால் அந்த மாதங்கள் திரும்ப வராது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு.

பழைய எக்ஸ்ரே பீரோவில் இருந்தால் கொண்டுவாருங்கள். இரண்டு வருடமாக அளவு மாறாத கெட்டியான கட்டி பெரும்பாலும் கேன்சராக இருக்காது.

ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும் என்று பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. நாங்கள் கவனிப்பது வேறு: நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிகிறதா, சளியில் ரத்தம் வருகிறதா என்று. அதற்காகத்தான் குத்தியபின் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம். இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.