ரைடு த்ரூ: காற்றாலையின் தாக்குப்பிடிப்பு

காற்றாலைத் தொழிலில் இருப்பவர்கள் 'எல்விஆர்டி' என்று சொல்வது 'லோ வோல்டேஜ் ரைடு த்ரூ' என்பதன் சுருக்கம். எங்கோ ஒரு மின்கம்பியில் கோளாறு ஏற்பட்டு மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. அந்த நேரத்தில் காற்றாலை 'ட்ரிப்' ஆகாமல் இணைப்பிலேயே நின்று, அழுத்தம் மீண்டதும் பழையபடி மின்சாரம் தர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

'ரைடு' என்றதும் சவாரி நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலக் கடலோடிகளிடம் அதற்கு வேறொரு பொருள் உண்டு: நங்கூரமிட்ட கப்பல் அலைமேல் நிற்பதும், புயல் ஓயும்வரை அது சமாளிப்பதும் 'ரைடு'தான். மின்துறை வழக்கு இந்தப் பொருளோடுதான் ஒட்டுகிறது.

சரி, சமாளிப்பதில் என்ன சிரமம்? பழைய காற்றாலைகளில் இருப்பது தூண்டல் மின்னாக்கி (இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்). மின்னழுத்தம் பாதியானால் அதன் முறுக்குவிசை கால்பங்காகிவிடும். காற்றோ தள்ளுவதை நிறுத்தாது. சுழலி வேகமெடுக்கும். அழுத்தம் திரும்பும்போது, வேகம் மிஞ்சிய எந்திரம் மின்தொகுப்பிலிருந்து (கிரிட்) ஏராளமான 'ரியாக்டிவ் பவரை', அதாவது காந்தப்புலத்தை உண்டாக்கத் தேவைப்படும் திறனை, உறிஞ்சும். அதனால் அழுத்தம் ஏற முடியாமல் மறுபடி படுக்கும். ஃபீடரின், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்தடத்தின், கடைக்கோடியில், வலுவற்ற இணைப்பில் இருக்கும் காற்றாலைகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். புதிய எந்திரங்களில் மின்னணுக் கட்டுப்பாடு இருப்பதால் நிலைமை தேவலை.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் விதி நேர் எதிராக இருந்தது. பகிர்மான வலையில் சேரும் சிறு மின்னாக்கிகளுக்கான அமெரிக்கத் தரவிதி ஐஇஇஇ 1547, 2003இல் வந்தது. அழுத்தம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் 0.16 நொடிக்குள் விலகிவிட வேண்டும் என்றது அது. துண்டிக்கப்பட்ட ஃபீடரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் மின்னாக்கிகள் பெருகியபின், எல்லாம் ஒரே நேரத்தில் விலகுவதே பெரிய ஆபத்தாகிவிட்டது. 2018 திருத்தம் தாக்குப்பிடிக்கச் சொன்னது. ஜெர்மனியில் ஈ.ஆன் நெட்ஸ் நிறுவனம் 2003லேயே தன் உயரழுத்தத் தொகுப்புக்கு அப்படி விதித்திருந்தது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2013 திருத்தம், 66 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் இணையும் காற்றாலைகளை இதற்குள் கொண்டுவந்தது.

ஒருமுறை தாக்குப்பிடித்தால் போதாது என்பதைத் தெற்கு ஆஸ்திரேலியா காட்டியது. 2016 செப்டம்பர் 28 அன்று சூறைக்காற்றில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடத்துக்குள் ஆறு அழுத்தச் சரிவுகள். குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுதான் தாங்கலாம் என்று எந்திரங்களுக்குள் ஒரு வரம்பு வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டியதும் 9 காற்றாலைப் பண்ணைகளின் உற்பத்தி ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. அண்டை மாநிலத்தோடிருந்த இணைப்புத்தடம் சுமை தாங்காமல் விலக, மாநிலம் முழுக்க இருட்டு. மென்பொருளில் கிடந்த அந்த வரம்பு தொகுப்பை இயக்கியவர்களுக்கே தெரியாமல் இருந்ததுதான் கொடுமை.

இனி தமிழ்ச்சொல். 'ஊடுசவாரி' போன்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்பைத் தள்ளிவிடலாம். 'தாங்குதிறன்' பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் பீங்கான் காப்பான் (இன்சுலேட்டர்) உயரழுத்தத்தைத் தாங்குவதற்கும் அதே சொல் பொருந்துமே! காப்பான் சும்மா இருந்தால் போதும். காற்றாலை இணைப்பை விடாமல் பிடித்து, பிறகு வேலையைத் தொடர வேண்டும். அதனால் 'தாக்குப்பிடிப்பு' என்பதே என் தேர்வு. தாக்குதலும் பிடித்து நிற்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பேச்சிலும் புழங்குகிற சொல்.

எல்விஆர்டிக்குத் 'தாழழுத்தத் தாக்குப்பிடிப்பு' என்று சொல்லலாம். அழுத்தம் எகிறும்போது நிற்கும் எச்விஆர்டிக்கு ('ஹை வோல்டேஜ் ரைடு த்ரூ') 'மிகையழுத்தத் தாக்குப்பிடிப்பு'. அழுத்தம் அடியோடு பூஜ்யமாகும் நிலைக்குச் 'சுழியழுத்தத் தாக்குப்பிடிப்பு'.